பல் படாத முடிச்சு

அத்தியாயம் 7

ஜூலை மாதத்து நோன்பு. மாலை நாலரை மணி. பாலைவனக் காற்று மூன்று நாளாகத் துனிஸ் நகரத்தை விட்டுப் போக மறுத்து உட்கார்ந்திருந்தது. துப்பறியும் ஷாத்லியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. இடது முழங்கால் தனியாக முனகிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் காணாமல்போன நகைகளையும் பார்த்துச் சலித்தவர், ஓய்வு பெற்ற பின்னும் அடுத்தவர் வீட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

"ஸி ஷாத்லி, நிமிர முடியலன்னா சொல்லுங்க. பின்னால தள்ளிவிடறேன்," என்றாள் நஜிபா.

பன்னிரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள், இப்போது அவருடைய உதவியாள். பெயருக்கு முன்னால் 'ஸி' என்று மரியாதையாகச் சேர்த்துக்கொள்வாள்; மரியாதை அந்த ஓரெழுத்தோடு முடிந்துவிடும்.

பெட்டிக்குள் இருந்தது ஓர் ஊத். பாதியாக வெட்டிய பேரிக்காய் போன்ற உடல், குட்டைக் கழுத்து, ஜோடி ஜோடியாக எட்டுக் குடல் நரம்புகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது இருக்கவேண்டிய ஊத் இல்லை என்பதுதான் பிரச்சினை.

"எவ்வளவு நேரம் பாப்பீங்க? அது வாயைத் திறந்து பேசவா போகுது?" என்றார் வீட்டுக்காரர் ஹம்மூதா. சுவரோரமாக, பெட்டியாகவும் ஆசனமாகவும் பயன்படுகிற நீளமான மரப்பெஞ்சில் கனமாகச் சாய்ந்திருந்தார். "என் தாத்தாவோட ஊத்துக்குள்ள அவர் கையெழுத்துல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். துவாரம் வழியாப் பாத்தா தெரியும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போட்டோ எடுக்கத் திறக்கறேன், காகிதத்தைக் காணோம்! இது பத்து வருஷம் முன்னால பழகறதுக்காகச் செய்யச் சொன்ன நகல். நைலான் நரம்போட அதோ, அந்த ஆணியில தொங்கிட்டிருந்தது."

ஆணி வெறுமையாக இருந்தது.

"அசலுக்கு நரம்பு மாத்த யார் வந்தா? வஸீலா. செவ்வாய்க்கிழமை இந்த அறையில ரெண்டு மணி நேரம் தனியா இருந்தா. பெரிய பையோட வந்தா, பெரிய பையோட போனா. நகலுக்குப் புது நரம்பைக் கட்டிப் பெட்டியில வெச்சுட்டு, அசலைப் பைக்குள்ள போட்டுக்கிட்டா. இதுல துப்பறிய என்ன இருக்கு? அவ உங்ககிட்ட ஓடிவந்து அழுததால உங்களை உள்ள விட்டேன். இன்னிக்கு நோன்பு திறக்க இன்ஸ்பெக்டர் நம்ம வீட்டுக்கு வர்றார். பீரங்கி போட்டதும் சூப் குடிப்பார். சூப் முடிஞ்சதும் அவ பேரைக் கொடுத்துடுவேன்."

நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் கோட்டைப் பீரங்கி ஏழு முப்பத்தெட்டுக்கு. அதற்குப் பிறகு வஸீலாவுக்கு லாக்கப். அவளுடைய கடைக்குப் பூட்டு.

"ஸி தையிப், நீங்க கடைசியா இதை எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டார் ஷாத்லி.

கதவருகே தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு நின்ற மெலிந்த மனிதர் நிமிர்ந்தார். முப்பது வருடமாக அந்த ஊத்தை வாசிப்பவர். நோன்பு மாதத்து இருபத்தேழாம் இரவுக் கச்சேரியிலும் அவர்தான் வாசிக்க வேண்டும். "திங்கக்கிழமை. புது நரம்பு படியறதுக்கு நாலு நாள் ஆகும். அதனால செவ்வாய்க்கப்புறம் இந்த அறைப் பக்கமே வரல. சொல்றதுக்கு அல்லாஹ் சாட்சி."

"உங்க மேல டிசம்பர் வாசம் வருதே," என்றாள் நஜிபா மூக்கைச் சுருக்கி. "அந்துருண்டை."

"அலமாரியிலேர்ந்து எடுத்த உடுப்பு," என்றார் தையிப். மணி வேகமாக உருண்டது.

ஷாத்லி குதிரையை உற்றுப் பார்த்தார். ஊத்தின் பலகைமேல் வெறும் பசையால் ஒட்டியிருக்கும் ஒரு விரல் கன மரத்துண்டு. எட்டு நரம்பும் அதில்தான் முடிந்திருக்கும். வாத்தியக் கடை ஒன்று எரிந்த வழக்கில், ஒரு மாதம் இந்த நரம்புகளோடு குடித்தனம் நடத்தியவர் அவர். ஆட்டின் சிறுகுடலைச் சுரண்டி, ஈரத்தோடு முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் குடல் நரம்பு. காய்ந்தபின் விறைப்பாக நிற்கும். கொஞ்சம் ஈரம் பட்டாலோ மறுபடி குடலாகிக் குழைந்துவிடும். ஆகவே அதைக் கட்டத் தெரிந்தவர்கள் நுனியை வாயில் போட்டு நனைப்பார்கள். இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து இழுப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது மூன்றாவது கை பல்தானே? காயும்போது முடிச்சு இறுகும். பல் தடமும் சேர்ந்து காய்ந்து, நரம்பு உள்ளவரை நிற்கும்.

இந்த எட்டு முடிச்சிலும் பல் தடம் இல்லை. ஒவ்வொன்றிலும் இரண்டுக்குப் பதில் மூன்று சுற்று. மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகக் கீறல். உலர்ந்த நரம்பை வளைத்துக் கட்டினால் அப்படித்தான் விழும்.

"அதுவும் ஒத்துப்போகுது," என்றார் ஹம்மூதா, ஷாத்லி அதைச் சொல்லக் கேட்டுவிட்டு. "நோன்புக் காலம். குடலை எவ வாயில வைப்பா? நேத்து கேட்டதுக்கு அவளே சொன்னா, 'நான் நோன்பு, வாயில வைக்கல'ன்னு. அப்ப இது அவ முடிச்சுதானே?"

ஷாத்லி மறுபடி பெட்டிக்குள் குனிந்தார். முடிச்சுக்கு வெளியே அரைவிரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு வாலை நகத்தால் தூக்கிப் பார்த்தார். பிறகு அடுத்தது. அடுத்தது.

"இந்த ஒரு நரம்பை மட்டும் அவுத்து, வாலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கறேன்," என்றார். "நஜிபா, ஒண்ணு யோசி. நகல்ல முன்னாடி நைலான் நரம்பு எட்டு இருந்துச்சு. அது எங்க?"

"திருடிட்டுப் போயிருப்பாங்க."

"பழைய நைலானையா?"

"நான் பஸ் ஓட்டின காலத்துல ஒருத்தன் ஹாரன்ல இருந்த ரப்பரைத் திருடினான். மனுஷங்களைப் பத்தி எனக்கு நம்பிக்கையே இல்ல."

"ரப்பர் தேவைப்பட்டிருக்கும்," என்றார் ஷாத்லி. "இவனுக்கு நைலான் தேவைப்பட்டிருக்கு."

*

வஸீலாவின் கடை மூன்று முழ அகலம். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் கை வேலையை விடவில்லை. ஒரு நரம்பை இரு கையாலும் இழுத்துப் பிடித்து, நடுவிரலால் சுண்டி, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறே?" என்றாள் நஜிபா.

"உண்மையா பொய்யான்னு. இங்க பாரு, சுண்டினா ரெண்டு கோடு பிரிஞ்சு தெளிவாத் தெரியுதா? இது உண்மை. மூணு நாலுன்னு கலங்கித் தெரிஞ்சா பொய் நரம்பு. ஒரு பக்கம் தடிப்பா, ஒரு பக்கம் மெலிசா இருக்கும். கழுத்துல எந்த இடத்துல விரல் வெச்சாலும் சுருதி சேராது. கட்டறதுக்கு முன்னாலேயே தெரிஞ்சுக்கணும்." பேச ஆரம்பித்ததும் அவள் முகத்தில் ரத்தம் ஊறியது. "பெருநாள் ஆட்டுக் குடலைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன். தின்னு கொழுத்த கிடா. மேட்டுல அலைஞ்சு மெலிஞ்ச குட்டிதான் நரம்பாகும். பிசிறு கிளம்பினா பிடிச்சு இழுக்கக் கூடாது, நகவெட்டியால வெட்டி, துளி பாதாம் எண்ணெய்…"

"வஸீலா," என்றார் ஷாத்லி, ஸ்டூலில் அமர்ந்து முழங்காலைத் தேய்த்தபடி. "மேல் நரம்பை அளவுக்கு மீறி இழுத்தா என்ன ஆகும்?"

"அறுந்துடும். அதுதான் ஸி ஷாத்லி அதோட அருமை. அந்தக் குதிரை வெறும் பசையில நிக்குது, நூறு வருஷத்துக்கு மேல. ஒரு ஸ்வரம் ஏத்தினா இழுப்பு கால் பங்கு கூடிடும். ஆனா குதிரைக்கு ஆபத்து வர்றதுக்குள்ள குடல் நரம்பு தானே அறுந்து விழுந்துடும். வாசல்ல படுத்திருக்கற காவலாளி மாதிரி. அவனைக் கொன்னாத்தான் உள்ள போகலாம்."

"நைலான்?"

"அந்தக் காவலாளி சாகவே மாட்டான். வீடு இடிஞ்சாலும் நிப்பான். அதனாலதான் அதை அந்த ஊத்துக்குக் கிட்டவே கொண்டுபோகாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

ஷாத்லி சட்டைப் பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து, வெட்டிய வாலை அவள்முன் வைத்தார். நரம்பின் நுனியில் இரண்டு சிறிய பள்ளங்கள், நடுவே இடைவெளி. வஸீலா பேசும்போது தெரியும் முன்பல் இடைவெளிக்கு அது அளவெடுத்த மாதிரி இருந்தது.

"இது உன் பல்லா?"

அவள் முகம் மறுபடி அணைந்தது. "இல்ல. நான் நோன்பு. தண்ணியிலதான் நனைச்சேன்."

"அப்ப இது யார் பல்லு?"

"தெரியாது."

"வஸீலா, இது உன் பல்லா இருந்தா நீ வீட்டுக்குப் போகலாம். இல்லன்னா லாக்கப்புக்குப் போகணும். நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். "நான் நோன்புன்னு சொன்னேனே."

நஜிபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஷாத்லியின் தோளில் தட்டினாள். "ஸி ஷாத்லி, வெளிய போய் வெயில் இருக்கான்னு பாத்துட்டு வாங்க."

"இருக்கு. மூணு நாளா இருக்கு."

"நல்லா உறுதிபண்ணிக்கிட்டு வாங்க."

அவர் வெளியே போய், எதிர்க் கடையின் நிழலில் நின்றார். தலை சுற்றியது. உள்ளே பெண்களின் தணிந்த குரல். பிறகு ஓர் அழுகை. பிறகு, எதிர்பாராமல், இருவரின் சிரிப்பு. ஐந்து நிமிடத்தில் நஜிபா வெளியே வந்தாள்.

"அவ பல்லுதான். எட்டையும் கடிச்சுத்தான் கட்டினா."

"நோன்புன்னு ஏன் சொன்னா?"

"சுத்தி நாலு ஆம்பளைங்க நின்னுக்கிட்டு 'நீ நோன்பா?'ன்னு கேட்டா, பொம்பளை 'ஆமா'ன்னுதான் சொல்லுவா. அந்த வாரம் அவளுக்கு நோன்பு கிடையாது. மாசத்துல ஒரு வாரம் எங்களுக்குக் கிடையாது. உங்க வீட்லயும் அப்படித்தான் இருந்திருக்கும், உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்காது."

ஷாத்லி காதுவரை சிவந்தார். வெயிலில் அது தெரியவில்லை.

"ஜெயிலுக்குப் போனாலும் போவாளாம், ஹம்மூதா முன்னால அதைச் சொல்ல மாட்டாளாம்," என்றாள் நஜிபா. "முட்டாள். ஆனா அவ இடத்துல நானும் அதே முட்டாள்தான்."

"பரவாயில்ல." அவர் சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். "பாரு, செவ்வாய்க்கிழமை அவ அசல்ல எட்டு நரம்பையும் கடிச்சுக் கட்டியிருக்கா. அப்புறம் யாரோ அவுத்து நகல்ல கட்டியிருக்காங்க. பழைய மடிப்பு விறைச்சுக் கிடந்ததால, கொஞ்சம் தள்ளிப் புது இடத்துல மூணு சுத்து சுத்த, அவ கடிச்ச இடம் முடிச்சுக்கு வெளியே வாலாப் போயிடுச்சு. பல் இருக்க வேண்டியது முடிச்சுல. இருக்கறது வால்ல. கட்டினவன் வேற ஆள்."

"கட்டத் தெரிஞ்சவன். ஆனா வாயில வைக்காதவன்." நஜிபா நின்றாள். "யா ரப்பி! திருடன் நோன்பா?"

"சுத்தமான நோன்பு. விழுங்காத வரைக்கும் நோன்பு முறியாதுன்னு எந்த இமாமும் சொல்லுவார். இவன் அந்த அளவுக்குக்கூட இடம் கொடுக்கல."

"அப்ப மஹ்ரெஸ் இல்ல," என்றாள் ஏமாற்றத்தோடு. ஹம்மூதாவின் தங்கை மகன் அவன். அதே வீட்டில் இருப்பவன், வெள்ளிக்கிழமையிலிருந்து பகலில் யார் கண்ணிலும் படாதவன். அவள் காலையிலிருந்து அவனைத்தான் மனதுக்குள் கைது செய்து வைத்திருந்தாள்.

"அவன் கட்டியிருக்க மாட்டான். ஆனா அவன் காதுல ஏதாவது விழுந்திருக்கலாம். பகல்ல எங்க இருப்பான்?"

"தொழுகையிலன்னு அவன் மாமா சொல்றார். வாங்க, அந்தப் பள்ளிவாசலை நான் காட்டறேன்."

*

அந்தக் காப்பிக் கடைப் பள்ளிவாசலின் கண்ணாடிகளில், உள்ளே இருப்பவர்கள் தெரியாதபடி, பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இருட்டு, சிகரெட் புகை, காப்பி வாசம், முப்பது பேரின் குற்ற உணர்ச்சி. கதவைத் திறந்ததும் முப்பது பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காப்பி வாசம் வந்த பக்கம் ஷாத்லியின் மூக்கு தானாகத் திரும்பியது.

"மூச்சை இழுக்காதீங்க, மூச்சுலயே ஒரு கப் உள்ள போயிடும்," என்றாள் நஜிபா.

மஹ்ரெஸ் மூலையில் கோப்பைக்குப் பின்னால் ஒளிய முயன்றான். முப்பது வயது, சோர்ந்த முகம்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். தொழுகை எப்படிப் போகுது? சர்க்கரை போதுமா?"

"மஹ்ரெஸ்," என்றார் ஷாத்லி, உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் நின்றபடியே. "செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவுல வீட்ல ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா? நல்லா யோசி."

"ஒண்ணும் இல்ல. என் நோன்பு போனதுதான்."

"உன் நோன்பா?"

"சிரிக்காதீங்க. வருஷத்துல ஒரே ஒரு நாள் வைப்பேன், என் அம்மா இறந்த நாள்ல. இந்த வருஷம் அது வியாழக்கிழமை. நாக்கு வெளியே தள்ளற வரைக்கும் தாக்குப்பிடிச்சேன். முற்றத்துல தண்ணி டம்ளரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், 'டமார்'னு பீரங்கி. பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரே மடக்கு. குடிச்சு முடிச்சுட்டுப் பாத்தா யாரையும் காணோம், பாங்கு சத்தமும் இல்ல. கடிகாரத்துல ஏழு இருபத்தெட்டு! பத்து நிமிஷம் கழிச்சு நிஜப் பீரங்கி போடறான்." அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "ஒரே ஒரு நாள் ஸி ஷாத்லி. அதுவும் போச்சு. அதுக்கப்புறம் வீட்ல யார் முகத்தையும் பாக்கப் பிடிக்கல."

நஜிபா வாயைத் திறந்தாள். ஷாத்லி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்த டமார் எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஓடு பதிச்ச முற்றம். சத்தம் எல்லாப் பக்கத்துலேர்ந்தும்தான் வரும். கோட்டைன்னு நினைச்சேன். பக்கத்துலன்னும் தோணுச்சு."

"அப்ப வீட்ல யார் யார்?"

"மாமா, ஸி தையிப், சமையல்கார அம்மா, நான்."

ஷாத்லி அவன் தோளில் கைவைத்தார். "உன் தப்பு இல்ல. உன்னை ஏமாத்தினது பீரங்கி இல்ல, ஒரு மரத்துண்டு. தெரியாம நேர்ந்தது. அம்மாவுக்காக இன்னொரு நாள் வெச்சுக்கோ."

வெளியே வந்ததும் நஜிபா, "என்ன மரத்துண்டு?" என்றாள்.

"காவலாளியை மாத்திட்டாங்க," என்றார் ஷாத்லி. "நீ போய் வஸீலாவைக் கூட்டிக்கிட்டு வா. நரம்புக் கட்டோட, பையோட. மணி என்ன?"

"ஆறு ஐம்பது. நீங்க நடந்து போயிடுவீங்களா, இல்ல யாராவது சுமக்கணுமா?"

"நடக்கறேன். சுமக்க வேண்டியதை இன்னொருத்தர் ரெண்டு நாளா சுமந்துக்கிட்டிருக்கார்."

*

ஏழேகாலுக்கு இசை அறையில் ஹம்மூதா அதே பெஞ்சில் அதே மாதிரி சாய்ந்திருந்தார். கீழேயிருந்து சூப்பின் மணம் ஏறி வந்து எல்லோரையும் எரிச்சலாக்கியது. வஸீலா வாசற்படியில் பையை மார்போடு அணைத்து நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"திருடினதைக் கொண்டுவந்துட்டாளா?" என்றார் ஹம்மூதா.

"ஒரு சின்ன வேலை பாக்கி," என்றார் ஷாத்லி. "ஸி தையிப், நாலரைக்கு நான் ஒரு நரம்பை அவுத்துட்டேன். கட்டத் தெரியல. கை நடுங்குது. கொஞ்சம் கட்டிக் கொடுங்களேன்."

தையிப் தயங்கினார். மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பெட்டியருகே அமர்ந்து நரம்பை எடுத்தார். முப்பது வருடத்து விரல்கள். பார்க்க அழகாக இருந்தது.

"காஞ்சு கிடக்கு. வாயில நனைச்சா சுலபமாமே?" என்றாள் நஜிபா.

"அஸ்தஃபிருல்லாஹ்! நோன்பு நேரத்துலயா?" தையிப் கைக்குட்டையை விரலில் சுற்றி, நரம்பை வளைத்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. உலர்ந்த நரம்பு நழுவும் என்பதால் மூன்றாவது சுற்று. இழுத்தார். மடிப்பில் வெள்ளையாகக் கீறல் விழுந்தது.

ஷாத்லி குனியவில்லை. குனிய வேண்டியிருக்கவில்லை. "ஸி ஹம்மூதா, நீங்க குனிஞ்சு பாருங்க. பக்கத்துல ஏழு முடிச்சு இருக்கு. எட்டாவதுக்கும் அதுக்கும் வித்தியாசம் சொல்லுங்க."

ஹம்மூதா பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"அதனால என்ன?" என்றார் தையிப். குரல் நூலாகியிருந்தது. "வஸீலாவும் நோன்பு. அவளும் இப்படித்தான் கட்டியிருப்பா. அவளே சொன்னா."

அறை வஸீலாவின் பக்கம் திரும்பியது. அவள் பையை இன்னும் இறுக்கினாள். நஜிபா அவள் முன்னால் போய் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். நெரிசலான பேருந்தில் பின்னால் நகரச் சொல்லும் அதே குரல்.

"செவ்வாய்க்கிழமை அவங்களுக்கு நோன்பு இல்ல. எட்டையும் பல்லால கடிச்சுத்தான் கட்டினாங்க. கடிச்ச தடம் வால்ல இருக்கு, வேணும்னா அளந்துக்கலாம். ஏன் நோன்பு இல்லன்னு கேக்க விரும்பற ஆம்பளை யாராவது இருந்தா, இப்பவே கேட்டுடுங்க. நான் விளக்கமாச் சொல்றேன்."

யாரும் கேட்கவில்லை. ஹம்மூதா தன் செருப்பைப் பார்த்தார். தையிப் கூரையைப் பார்த்தார். ஷாத்லிகூட ஜன்னலைப் பார்த்தார். வஸீலா மட்டும் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப அசலை எடுத்தது இவரா?" ஹம்மூதாவின் முகம் கறுத்தது. "தையிப்! எங்க வித்தே?"

"விக்கல," என்றார் ஷாத்லி களைப்போடு. "திருட்டே நடக்கல. வியாழக்கிழமை சாயங்காலம் இவர் பெட்டியைத் திறந்து, அசல்ல இருந்த குடல் நரம்பைக் கழட்டிட்டு, நகல்ல இருந்த நைலானை அதுக்கு மாட்டியிருக்கார். குடல் தாங்காத சுருதிக்கு ஏத்தறதுக்காக. நரம்பு அறுகல. ஏழு இருபத்தெட்டுக்குக் குதிரை பலகையிலேர்ந்து பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. அந்தச் சத்தத்துல உங்க மருமகன் நோன்பையே திறந்துட்டான். மறுநாள் காலையில, நீங்க போட்டோக்காரனோட வர்றதுக்குள்ள, கழட்டின குடல் நரம்பை நகல்ல கட்டிப் பெட்டியில வெச்சுட்டார். உள்ள இருக்கற காகிதத்தை மறந்துட்டார்."

தையிப்பின் கையில் தஸ்பீஹ் நின்றுபோயிருந்தது.

"கச்சேரியில கூட வாசிக்கற கானூன் வாத்தியக்காரர் வருஷா வருஷம் சுருதியை ஏத்தறார்," என்றார் மெதுவாக. "நான் குடல் நரம்போட கீழேயே கிடக்கேன். முப்பது வருஷமா மூணாவது வரிசைக்கு மேல என் சத்தம் போனதில்ல. இந்த ஒரு தடவை கடைசி வரிசைக்கும் கேக்கட்டுமேன்னு... கச்சேரி முடிஞ்சதும் மாத்திடலாம்னு நினைச்சேன்."

"அப்புறம் இந்தப் பொம்பளை பேரைச் சொன்னாங்க. நீங்க சும்மா இருந்தீங்க. அல்லாஹ் சாட்சின்னும் சொன்னீங்க." ஷாத்லி கோபப்படவில்லை, கோபத்துக்கும் தண்ணீர் வேண்டும். "ஸி தையிப், ரெண்டு நாளா வாயில ஒரு நரம்புகூடப் படாம காப்பாத்திட்டீங்க. பொய் மட்டும் தாராளமாப் பட்டுக்கிட்டிருக்கு."

தையிப் முகத்தை மூடிக்கொண்டார்.

"அசல் எங்கே?" ஹம்மூதா கத்தினார். "எங்கேடா வெச்சே என் தாத்தாவோட..."

"எழுந்திருங்க, ஸி ஹம்மூதா," என்றார் ஷாத்லி. "உங்க தாத்தா மேலதான் உக்காந்திருக்கீங்க."

ஹம்மூதா, தேள் கொட்டியதுபோல எழுந்தார். நஜிபா பெஞ்சின் பலகையைத் தூக்கினாள். அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. "ஜூலையில யாரு கம்பளிப் பெட்டியைத் திறப்பான்னு நினைச்சிருக்கார். ஆனா வாசம் சட்டையில ஒட்டிக்கிச்சு. நான் டிசம்பர்னு சொன்னப்பவே நீங்க எனக்குச் சம்பளத்தை ஏத்தியிருக்கணும், ஸி ஷாத்லி."

குளிர்காலக் கம்பளிகளுக்கு நடுவே, குழந்தைபோலச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது ஊத். குதிரை பிய்ந்து, நைலான் நரம்புகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நரம்புகூட அறுந்திருக்கவில்லை.

வஸீலா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். மண்டியிட்டு, பலகையில் பசை இருந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். அவள் நினைப்பில் இப்போது லாக்கப், இன்ஸ்பெக்டர் எதுவும் இல்லை.

"மரம் கிழியல. பசை மட்டும்தான் விட்டிருக்கு. பிழைச்சுடும்."

"இருபத்தேழாம் ராத்திரிக்குள்ள?" என்றார் ஹம்மூதா.

"முடியாது. பசை எட்டு நாள் காயணும். அப்புறம் கீழ் சுருதியில தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். கச்சேரிக்கு நகலை வெச்சுக்கட்டும். குடல் நரம்போட. கானூன்காரர் கீழே இறங்கி வரட்டும், கால் ஒண்ணும் ஒடிஞ்சுடாது."

ஹம்மூதா தலையசைத்தார். "சரி. நீ எடுத்துட்டுப் போய்..."

"நான் எடுத்துட்டுப் போக மாட்டேன்."

அவள் தன் பையின் வாயை மூடிக் கட்டினாள்.

"இதைப் பையில வெச்சுத் தெருவுல நடந்தா, நாளைக்கு மறுபடி என் பேரைச் சொல்லுவீங்க. நீங்களே சுமந்து வந்து, பட்டறைத் தெரு முழுக்கப் பாக்க, என் கடையில கொடுங்க. கொடுக்கும்போது சொல்ல வேண்டியதையும் அங்கேயே சொல்லுங்க."

ஹம்மூதாவின் மீசை துடித்தது. அந்த வீட்டில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. ஊத்தைப் பார்த்தார், பிய்ந்த குதிரையைப் பார்த்தார், அதை ஒட்டத் தெரிந்த கைகள் ஊரில் இரண்டே இருந்தன, இரண்டும் அவள் உடம்பில்.

"நாளைக்குக் காலையில வர்றேன், லல்லா வஸீலா," என்றார், அவள் பெயருக்கு முன்னால் முதல்முறையாக அந்த மரியாதைச் சொல்லைச் சேர்த்து.

அப்போது கோட்டையில் பீரங்கி முழங்கியது.

கீழே செருப்புகள் ஓடின. மஹ்ரெஸ் தட்டில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால், சூப்புக்காகச் சரியான நேரத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர், என்ன விஷயம் என்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். யாரும் அவருக்கு எந்தப் பெயரையும் கொடுக்கவில்லை. ஷாத்லி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முழங்கால்வரை தண்ணீர் இறங்கியது.

வஸீலாவும் ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு நகலை மடியில் போட்டுக்கொண்டு, தையிப்பின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். முதல் நரம்பின் நுனியை எல்லோரும் பார்க்க வாயில் வைத்து நனைத்தாள். இரண்டே சுற்று. பல்லால் கடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஏன் லல்லா, நாளைக்குக் கட்டக் கூடாதா? முதல்ல சாப்பிடலாமே," என்றான் மஹ்ரெஸ்.

வாயில் நரம்பு இருந்ததால் அவள் உடனே பதில் சொல்லவில்லை. முடிச்சு படிந்ததும் எடுத்து, விளக்குக்கு நேராகத் திருப்பி அவனுக்குக் காட்டினாள். இரண்டு பள்ளம், நடுவே இடைவெளி.

"கையெழுத்துப் போடாம எழுந்திருக்கக் கூடாது," என்றாள். அடுத்த நரம்பை வாயில் வைத்தாள்.